இரண்டு பேருக்கு ஒரு தொண்டை

ஒயினை ருசி பார்ப்பவன் துப்பிவிடுவான். பியரை ருசி பார்ப்பவன் விழுங்கிவிடுவான். அந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். கசப்பு தொண்டையைத் தாண்டும்போதுதான் தன் முழு முகத்தையும் காட்டும், துப்பினவனுக்குப் பாதிதான் தெரியும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். மூக்கர் அந்தச் சட்டத்துக்கு அப்படியே கட்டுப்பட்ட ஆள். காலையில் பல் துலக்கிய கையோடு பீப்பாய்களுக்கு நடுவே போய் நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எத்தனை மிடறு உள்ளே போயிருக்கும் என்று அவர் எண்ணியதில்லை. அவருடைய ஈரல் எண்ணிக்கொண்டிருந்தது. கரும்பு தின்னக் கூலியா என்று அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்குத் துணையாக வரவில்லை.

மூக்கர் என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். கிளாஸ் மேஜையில் இருக்கும்போதே, கையில் எடுக்காமலே, 'இது அடைப்பு லூசான பீப்பாய்' என்று சொல்லிவிடுவார். அடைப்பைப் போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். அவர் மனைவிக்கும் அவர்களே ஒரு பெயர் வைத்தார்கள். முன்கடையில் வரிசையாகக் குழாய்கள் பொருத்திய மேடைக்குப் பின்னால் அவள்தான் நிற்பாள். அந்த மேடையைக் குழாயடி என்றார்கள். அவள் குழாயடியக்கா ஆனாள். "குழாயடின்னா சண்டை இருக்கணுமேக்கா" என்று யாராவது புதிதாக வந்தவன் கேட்டால், "சண்டை வேணும்னா உள்ள போங்க தம்பி, எங்க வீட்டுக்காரர் இருக்காரு" என்பாள். அவள் ஊற்றுகிற அழகைப் பார்க்கவே சிலர் மேடையோரம் நிற்பார்கள். கிளாஸைப் பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசுவாள், சாய்ப்பாள், குழாயைத் திறப்பாள், நிமிர்த்துவாள். நுரை விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை எழும்பி நிற்கும், வழியாது.

முன்னால் கடை. நடுவில் அண்டாக்கள் இருக்கும் காய்ச்சும் அறை. அது மூக்கரின் தம்பி, அக்காவின் கொழுந்தனுடைய ராஜ்யம். பின்னால் நீளக் கொட்டகையில் பீப்பாய்கள். மாடியில் வீடு. படியேறும்போதே வேகவைத்த தானிய வாசனையும் ஈர மர வாசனையும் கூடவே ஏறி வரும். வீட்டுத் துணிமணி, தலையணை எல்லாவற்றிலும் அதுதான்.

அவர்கள் விற்றது சாதாரண பியர் இல்லை. காய்ச்சினதை, முன்பு ஒயின் இருந்த பழைய மரப் பீப்பாய்களில் ஊற்றி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விட்டுவிடுவார்கள். மரத்தின் இடுக்குகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அதை மெதுவாகப் புளிக்க வைக்கும். மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டும். ஒரே நாளில் ஒரே அண்டாவில் காய்ச்சியதுதான், ஆனாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு பீப்பாயும் ஒரு குணத்தோடு வளரும். எதில் எவ்வளவு எடுத்து எதோடு சேர்ப்பது என்பதுதான் மூக்கரின் வித்தை. பீப்பாய்களுக்கு அவர் உறவு முறையில் பெயர் வைத்திருந்தார். வாயில் வைத்ததும் சுள்ளென்று பிடிப்பது மாமியார். எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்பது ஓரகத்தி. ஒரு பெரிய ஒயின் வீட்டிலிருந்து பளபளவென்று வளையம் பூட்டி வந்து இறங்கியது மாப்பிள்ளை.

மழைக் காலத்தின் ஆரம்பத்தில் அவர் கண் மஞ்சளானது. அதற்கும் முன்னாலேயே வயிறு உப்பிவிட்டிருந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு அதை அவர் மறைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். டாக்டர் பொம்பளை, வயதில் சின்னவள், கொஞ்சம் கடுகடுப்பு.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பியர் ருசி பாக்கறேங்க."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "தமாஷா?"

"இல்லீங்க. அதான் வேலை."

"அப்ப வேற வேலை பாருங்க. இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் அந்த ஈரல் தாங்காது. பாதிக்கு மேல கல்லாயிடுச்சு. மீதி இருக்கறத வச்சு நீங்க வண்டியை ஓட்டணும்." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்ககிட்டதான் சொல்றேன். இவங்க தலையை ஆட்டுவாங்க. எனக்குத் தெரியும். நீங்கதான் பாத்துக்கணும்."

அக்கா தலையை ஆட்டினாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான்: அந்த மனிதன் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கக் கூடாது.

வீட்டில் உப்பு போய்விட்டது. உப்பில்லாத காய் சூப்பு, உப்பில்லாத முட்டை, உப்பில்லாத ரொட்டி. அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் அவருக்கு ஏக்கமாக இருக்கும் என்று அவளும் அதையே சாப்பிட்டாள். கொழுந்தன் மட்டும் மேஜைக்கு வரும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன உப்புப் பொட்டலம் கொண்டுவருவான். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் மூக்கென்றால் தம்பி கை. அண்டா, குழாய், பம்ப், நெருப்பு எல்லாம் அவன் சொன்னபடி கேட்கும். நாக்கு மட்டும் கிடையாது. பாலுக்கும் சுண்ணாம்புத் தண்ணிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லமாட்டான் என்று மூக்கர் கேலி பண்ணுவார்.

"இந்த வருஷம் கலக்க வேணாம்ணே" என்றான் ஒரு காலை. "பீப்பாய் பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் சாதா பியரே காய்ச்சறேன். அத வித்துக்குவோம்."

"சாதா பியர் ஊர் பூரா கிடைக்குது. அதுக்கு இங்க எவன் வருவான்?"

"அண்ணி ஊத்துறதப் பாக்க வருவாங்க."

"கிடக்கட்டும் கிடக்கட்டும்னா அது என்ன கல்லா? ஓரகத்தி இப்பவே முத்திட்டா. போன கோடையில மட்டம் வேற இறங்கிடுச்சு, காத்து குடிச்சிருக்கு. இப்ப எடுக்கலன்னா எல்லாம் காடிதான். அதைக் கொட்டத்தான் வேணும்." மூக்கர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "எல்லாத்தையும் கொட்டிட்டு நான் என்னத்துக்கு மேல உக்காந்து உப்பில்லாத முட்டை தின்னுட்டு இருக்கணும்? சொல்லு."

அக்காதான் பேசினாள். யோசித்துப் பேசியது இல்லை, வாயில் வந்துவிட்டது.

"நீங்க துப்புங்க. நான் முழுங்கறேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மூக்கும் நாக்கும் உங்களது. தொண்டை என்னது. தொண்டையில என்ன தெரியுதுன்னு நான் சொல்றேன். கலக்கறத நீங்க கலங்க."

மூக்கர் வெகு நேரம் சிரித்தார். வயிறு வலித்ததும் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். "ரெண்டு பேருக்கு ஒரு தொண்டையா? எந்த ஊர்லடி இந்த நியாயம்?"

ஆனால் மறுநாள் காலை அவர்தான் முதலில் இறங்கிப் போனார்.

அந்த வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு பீப்பாயின் முகப்புப் பலகையிலும் சின்னதாக ஒரு துளை, அதில் துருப்பிடிக்காத ஆணி அடித்திருக்கும். கொழுந்தன் குறடால் ஆணியை உருவுவான். நூல் கனத்தில் பியர் பீச்சும். இரண்டு கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்ப வைத்துத் தட்டிவிட்டு அண்டாவுக்குப் போய்விடுவான். மூக்கர் முதலில் மோப்பம் பிடிப்பார். பிறகு ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி வாளியில் துப்புவார். துப்பினதும் அக்கா தண்ணீர் டம்ளரை நீட்டுவாள். நாக்கில் ஒட்டினதுகூட உள்ளே போகக் கூடாது என்று உடனே கொப்பளிக்கச் சொல்வாள். அதன் பிறகு அவள் தன் கிளாஸில் ஒரு மிடறு விழுங்கிவிட்டு நிற்பாள்.

"சொல்லு."

"என்னத்த சொல்ல?"

"என்ன தெரியுது?"

"புளிப்பு."

"புளிப்பு எனக்கும் தெரியும். கீழ போகும்போது என்ன?"

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "பழைய செருப்பு."

"நல்ல செருப்பா, கெட்ட செருப்பா?"

"நல்ல செருப்புதான். அலமாரியில வச்சிருந்த தோல் செருப்பு. அப்புறம்... அறுத்து வச்ச ஆப்பிள். கறுத்துப் போனது."

"எவ்வளவு நேரம் நிக்குது?"

"இன்னும் போகல. இருங்க. இப்ப போச்சு."

"கரகரங்குதா?"

"வாழைக்காய் தோல் மாதிரி இழுக்குது. தொண்டையில இல்ல, பல்லுக்குப் பின்னால."

"அது மரம்" என்று மூக்கர் சந்தோஷமாகப் பலகையில் சாக்கட்டியால் கோடு போடுவார். "உனக்கு வாய் இருக்குன்னு தெரியும். நாக்கு இருக்குன்னு இத்தனை வருஷம் தெரியலையே."

கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அவர் பின்னால் கிடப்பார், அவள் முன்னால் நிற்பாள். நடுவில் அண்டா கொதிக்கும். இப்போது காலை நேரமெல்லாம் கூரையில் மழை விழ, எதிரெதிரே நின்றுகொண்டு, ஈரக் கோணி, சீமையெண்ணெய், பழுத்த பேரிக்காய் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் புருஷன் தான் சொல்வதை இவ்வளவு கூர்ந்து கேட்பது அவளுக்கு அப்படி ஒரு இனிப்பாக இருந்தது. நோயில் வந்த இனிப்பு என்பது தெரியாமல் இல்லை.

கோளாறு மாமியார் பீப்பாயில் ஆரம்பித்தது. அன்று விழுங்கிவிட்டு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஏதோ இருக்கு. சொல்லத் தெரியல."

"என்ன மாதிரி?"

"தெரியலங்க. ஒரு மாதிரி இருக்கு."

"இரு, நான் பாக்கறேன்" என்று சொல்லி, அவள் கை நீட்டுவதற்குள் ஒரு மிடறு விழுங்கிவிட்டார். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. கொதிக்கிற பாலை இறக்கிவைப்பது மாதிரி, வேலையின் அவசரத்தில் தன்னை மறந்து செய்த காரியம். "ஒண்ணும் இல்ல, தோல் கசப்புதான்" என்றார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு முழுங்குதானே."

"சொட்டுகூடக் கூடாதுன்னாங்க."

"சந்தேகத்தோட எப்படிக் கலக்கறது? நீ தெளிவா சொல்லியிருந்தா நான் ஏன் முழுங்கப் போறேன்?"

இரண்டு நாள் கழித்து ஓரகத்தியில் அதே கதை. அவள் தயங்கினாள், அவர் விழுங்கினார். அந்த வாரம் வயிறு மறுபடி உப்ப ஆரம்பித்தது. அக்காவுக்குப் பாடம் புரிந்துவிட்டது: அவள் வாயில் சந்தேகம் வந்தால் அவர் வாயில் பியர் போகும். அதற்கப்புறம் அவள் சந்தேகப்படுவதை விட்டுவிட்டாள். தெரிந்ததைத் தெரிந்தபடி பட்டென்று சொன்னாள். தெரியாததை 'சுத்தம்' என்றாள். அவர் கை கிளாஸ் பக்கம் போகவில்லை. இதில் என்ன பெரிய தப்பு என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஆணியை உருவினதுமே கொட்டகை மணத்தது. மூக்கர் மோந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்து உருட்டினார், துப்ப மனசில்லாமல் துப்பினார், அவள் நீட்டிய தண்ணீரில் கொப்பளித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல" என்றார். "நீ பாரு."

அவள் விழுங்கினாள். பழம், தேன், ஈர மரம். எல்லாம் அழகாக இறங்கிப் போயிற்று. அவள் வாயைத் திறந்து சொல்லப் போகும்போது, தொண்டையின் அடியிலிருந்து வேறொன்று மெல்ல மேலே ஏறி வந்தது. மூடி வைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குட்டி போட்டிருந்தால் எப்படி வாடை வருமோ, அது. நமுத்துப்போன பிஸ்கட்டும் மூத்திரமும் கலந்தது. மூக்கால் பிடிக்க முடியாது. நாக்கில் பட்டவுடனும் தெரியாது. எச்சிலோடு சேர்ந்து, ஆற அமர, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறபோது வரும். எப்போதோ ஒரு தரம் மூக்கர் சொல்லியிருந்தார், 'எலி' என்று தொழிலில் அதற்குப் பெயரே உண்டு என்று. பிடித்த பீப்பாயை இன்னொரு வருஷம் சும்மா விட்டால் பல சமயம் தானாகவே போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். துப்பி உடனே கொப்பளித்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. அந்தத் தண்ணீரை நீட்டினது அவள்தான்.

"சொல்லு" என்றார். அவர் கிளாஸில் பாதி மிச்சமிருந்தது. விரல்கள் அதன் காம்பைப் பிடித்திருந்தன.

எலி என்று அவள் சொன்னால் அவர் நம்பமாட்டார். இத்தனை வருஷத்தில் வராத பியரில் எலியா என்று கிளாஸைத் தூக்குவார். ஒரு மிடறு போதாது அதற்கு, நம்பும்வரை விழுங்குவார்.

"சுத்தமா இருக்கு" என்றாள்.

"நிஜமாவா? கொஞ்சம் நின்னு பாரு. சிலது மெதுவா வரும்."

நின்றாள். தொண்டை முழுக்க எலி ஓடிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்க விழுங்க அது கூடியது. முகத்தை மட்டும் அசையவிடாமல் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லீங்க. சுத்தம்."

மூக்கர் கிளாஸைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது வேறு. அன்று சாயங்காலம் மேஜையில் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு, "மாப்பிள்ளையை வச்சுத்தான் இந்த வருஷக் கலப்பு. மத்ததெல்லாம் தொட்டுக்க" என்றார்.

"அது இன்னொரு வருஷம் இருக்கட்டுமே" என்றாள் அக்கா.

"ஏன்?"

"சும்மாதான். இன்னும் நல்லா வருமே."

"அதுக்கு மேல நல்லா வர இடமில்ல. சும்மான்னா என்ன? தொண்டையில ஏதாவது தெரிஞ்சுதா?" அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "தம்பி, அந்தக் குறடை எடு. ஒரு தரம் பாத்துருவோம்."

"ஐயோ, ஒண்ணும் இல்ல. உக்காருங்க. அதையே போடுங்க."

மறுநாள் அவள் கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆணியை உருவச் சொல்லி அவனுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தாள். "முழுங்கிட்டு உடனே பேசாத. கொஞ்சம் நில்லு."

அவன் நின்றான். உதட்டை நக்கிக்கொண்டான். "பிரமாதம் அண்ணி."

"தொண்டையில?"

"தொண்டையிலயும் பிரமாதம்தான். ஏன் அண்ணி?"

எலி சிலர் தொண்டைக்குத் தெரியவே தெரியாது, அது அவரவர் எச்சிலைப் பொறுத்தது. இதுவும் மூக்கர் சொன்னதுதான். அவளுக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் கொழுந்தன் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ஒருவேளை என் தொண்டைதான் கெட்டதோ. ஒருவேளை மற்றதோடு சேர்ந்தால் கரைந்துவிடுமோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவளுக்குச் சோறு நிறைய இருக்கிறது என்று ஒரு தைரியம். பம்ப் ஓடி எல்லாம் பெரிய தொட்டியில் சேர்ந்த அன்று யாருக்கும் தெரியாமல் ஒரு மிடறு எடுத்துப் பார்த்தாள். எலி அங்கேயும் இருந்தது. முன்பு ஒரு பீப்பாய்க்குள் இருந்தது, இப்போது தொட்டி முழுக்க இருந்தது.

புதுக் கலப்பைத் திறக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வருஷா வருஷம் வருகிற அதே கூட்டம் குடையை வாசலில் உதறி மடக்கிக்கொண்டு வந்தது. மூக்கருக்கு நாற்காலியைக் கொட்டகைக் கதவோரம் போட்டிருந்தார்கள். கையில் தண்ணீர் டம்ளர். சட்டை தோளில் தொங்கியது, வயிற்றில் மட்டும் இறுக்கிப் பிடித்தது. "ஆளு இளைச்சுட்டீங்களே" என்று சொன்னவர்களுக்கெல்லாம், "நான் இளைச்சதெல்லாம் பியர்ல இருக்கு, குடிச்சுப் பாருங்க" என்று பதில் சொன்னார்.

முதல் கிளாஸ் எப்போதும் பல் டாக்டருக்கு. அக்கா கிளாஸை அலசினாள், சாய்த்தாள், நிமிர்த்தினாள். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவளுக்கு அது நடந்ததே இல்லை.

"என்னக்கா, குழாயே அழுவுது" என்று சொல்லிக்கொண்டு பல் டாக்டர் மோந்து பார்த்தார். "அடேயப்பா." ஒரு மிடறு விழுங்கினார். முகம் பூவாக மலர்ந்தது. திரும்பி மூக்கரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். மூக்கரும் டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா பல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்குள் என்ன வரப்போகிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். வந்தது. முதலில் புருவம். பிறகு அவர் நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் கழித்து, கிளாஸைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தார்.

"நல்லாருக்குக்கா. எனக்குத்தான் இன்னைக்கு வயிறு ஒரு மாதிரி."

நூலகத்து அம்மாவுக்குத் தலைவலி. தையல்காரருக்கு வீட்டில் விருந்தாளி. பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கேட்டு வாங்கிக் குடித்தார்கள், கொழுந்தன் அவர்கள் நடுவே பல்லெல்லாம் தெரியச் சுற்றிக்கொண்டிருந்தான். மீதிப் பேர் பாதி குடித்த கிளாஸ்களை மேடையில் வைத்துவிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் குடையைத் தேடினார்கள். திட்டியிருந்தால் தேவலை. அத்தனை பேரும் நல்ல மனுஷர்கள்.

மூக்கர் எழுந்து வருவதை அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது மேடைக்கு எதிரே நின்றார்.

"ஒண்ணு ஊத்து."

"ஏங்க, வேணாம்."

"ஊத்து."

அவள் குழாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளை செய்கிற மாதிரி. அவர் பல் டாக்டர் விட்டுப்போன கிளாஸை எடுத்து, மிச்சத்தை மடக்கென்று குடித்தார். கிளாஸைப் பிடித்தபடியே நின்றார். கூட்டம் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்தியது. அவர் கண் ஒரு இடத்தில் நிலைத்து நின்றதிலிருந்து, வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "எலி பிடிச்சிருக்கு. என் தப்பு. யாரும் குடிக்க வேணாம்."

எல்லோரும் போன பிறகு மழை விட்டு வெளிச்சம் வந்தது. கொழுந்தன், "எலியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டுக்கொண்டே நாற்காலிகளை அடுக்கினான். மூக்கர் கொட்டகையில் தொட்டியடியில் இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். அக்கா போய் எதிரே நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார். "உனக்குத் தெரியலையா? இல்ல, தெரிஞ்சும் சொல்லலையா?"

கேள்வியின் இரண்டு பக்கமும் நெருப்பு இருந்தது. தெரியவில்லை என்றால், அவள் தொண்டை உதவாது. இனி அவரே விழுங்க வேண்டும். தெரிந்தது என்றால், அவள் பேச்சு உதவாது. அப்போதும் அவரேதான் விழுங்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அவள் காப்பாற்ற நினைத்தது அவள் கையை விட்டுப் போய்விட்டது. பொய் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"தெரிஞ்சது."

"எலின்னே தெரிஞ்சுதா?"

"எலின்னேதான். பெட்டிக்குள்ள குட்டி போட்ட வாடை."

"எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சு?"

"எல்லாம் இறங்கி, நான் சுத்தம்னு சொல்ல வாயெடுத்தேன். அப்ப வந்துச்சு. வர வரக் கூடிச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அந்த மஞ்சள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "சரியாச் சொன்னே. அப்படித்தான் வரும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நாக்குடி உனக்கு. தொழில்ல இருக்கறவனுக்கே இவ்வளவு துல்லியமா பிடிபடாது."

அவள் அழுதாள். "சொன்னா நீங்க முழுங்குவீங்கன்னுதான் சொல்லல. நம்பற வரைக்கும் முழுங்குவீங்க."

"முழுங்கியிருப்பேன். ஒரு மிடறோ ரெண்டு மிடறோ. அந்தப் பீப்பாயை ஓரமா தள்ளிட்டு மத்ததக் கலந்திருப்பேன்." அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "இப்ப இது பூரா நிக்கணும். போகும், சில சமயம் எலி போயிரும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ. வாரா வாரம் பாத்துட்டே இருக்கணும். முழுங்கினாத்தான் தெரியும்."

"கொட்டிருங்க."

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா கொட்டச் சொல்லுவியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். கொட்டிருங்க. சீக்கிரம் போயிருவீங்க நீங்க."

"போவேன்" என்றார், கடைக்குப் போவதைச் சொல்வது மாதிரி. "கொட்டிட்டு மேல உக்காந்திருந்தாலும் போவேன். கொஞ்சம் லேட்டா."

அவர் எழுந்து ஒரு கிளாஸை எடுத்துத் தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்தார். மணம் கொட்டகை முழுக்கப் பரவியது. அந்த மணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நான் பாக்கறேங்க" என்று அவள் கிளாஸுக்குக் கை நீட்டினாள். "வாரா வாரம் நானே பாத்துச் சொல்றேன். இனிமே உள்ளத உள்ளபடி சொல்றேன்."

"அன்னைக்கும் இதே முகத்தோடதான் சொன்னே" என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருக்கலாம்.

அவர் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, அது வருவதற்காகக் காத்து நின்றார். அவளும் பக்கத்தில் நின்றாள்.